பாய் படித்த எண்கள்

மேகத்துக்குள் போவதைப் பஞ்சு மெத்தைக்குள் போவதாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் பயணியாகப் போயிருப்பார்கள், மடியில் வைத்த டப்பாவிலிருந்து சாண்ட்விச் தின்றுகொண்டே. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு அது அப்படி இருக்காது. எங்கள் ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் தொட்டியின் மூடியைத் தூக்கினால் முகத்தில் ஓர் ஆவி அடிக்கும் பாருங்கள், அது மாதிரி. சட்டென்று எதுவுமே இல்லாமல் போய்விடும். முன் கண்ணாடி வெள்ளை, பக்கத்துக் கண்ணாடி வெள்ளை, இறக்கை நுனி இருந்த இடமும் வெள்ளை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதத்து மத்தியானம் அந்த வெள்ளைக்குள் நான் ஒன்றரை நிமிஷம் இருந்தேன். பக்கத்து இருக்கையில் பாய் இருந்தார். அவர் இருந்ததால்தான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுத வேண்டிய அவசரம் இதுதான். எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. உத்திரமேரூர் பக்கத்தில் அப்பா விட்டுப்போன மில்லை நடத்துகிறேன். இருபத்தாறு வயதில் தனியார் விமானி லைசென்ஸ் வாங்கி, அந்த வருஷமே பறப்பதை நிறுத்தி, அலமாரியில் பூட்டி வைத்திருந்தவள் நான். போன வருஷம் என்ன பித்துப் பிடித்ததோ, தூசி தட்டி எடுத்து, மறுபடியும் மருத்துவப் பரிசோதனை, மறுபடியும் பயிற்சி, மறுபடியும் தேர்வு என்று அலைந்து அந்த லைசென்ஸை உயிர்ப்பித்துக்கொண்டேன். நல்ல வெயிலில், தெளிந்த வானத்தில் ஓட்டுகிறேன். இப்போது எனக்குச் சொல்லிக்கொடுக்கிற பெண், என் மகள் வயதுக்குக் கொஞ்சம் மேலே, எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிறார்கள், அவள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அடுத்தது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் படிக்க வேண்டுமாம். அதாவது வெளியே எதுவும் தெரியாதபோது, முன்னால் இருக்கிற டயல்களை மட்டும் பார்த்து விமானத்தை ஓட்டுகிற தகுதி. புது வகுப்பு திங்கட்கிழமை தொடங்குகிறது, சனிக்கிழமைக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்லிவிட வேண்டும் என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளோடு பறந்துகொண்டிருந்தபோது மேற்கே ஒரு மேகம் திரண்டது. பெரியது ஒன்றும் இல்லை. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஊர்ப்பட்ட தூரம் இருந்தது. நான் கேட்காமல் கொள்ளாமல் விமானத்தைத் திருப்பி, வந்த வழியே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டேன். "மேகத்த பாத்து பயப்படறது நல்ல விமானிக்கு அழகு மேடம். ஆனா நீங்க மேகத்த பாத்த மாதிரி தெரியல, பேய பாத்த மாதிரி இருந்தீங்க. ஒண்ணு உள்ள போய் ஓட்டக் கத்துக்கோங்க, இல்லன்னா ஒரு நாள் திரும்ப இடம் இல்லாம மாட்டிப்பீங்க" என்றாள். கரண்ட் பில்லுக்கே மாடி வரை கேட்கிற மாதிரிச் சத்தம் போடுகிற என் வாய், அன்றைக்கு வெறும் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தது.

படிக்க ஆரம்பிக்காமல் இல்லை. தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி மில் ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடி போட்டால்தான் எழுத்து தெரிகிறது. ஒரு பக்கத்தில் நாற்பது சுருக்கெழுத்துகள், மத்தியானம் படித்தது சாயங்காலம் நினைவில்லை. விமானத்தின் முக்கியமான டயல்கள் ஆறையும் பெரிதாகப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டிவைத்தேன். மில் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, புது பாய்லர் வாங்கப் போறமா?" என்று கேட்டார். எனக்கு அன்று முழுக்க அதே யோசனை. எங்கள் பாய்லரின் மீட்டரில் முள் சிவப்பைத் தொட்டால் நான் ஒரு கணம் தயங்கமாட்டேன், நெருப்பை இழுக்கச் சொல்வேன். மீட்டர் பொய் சொல்கிறதோ என்று ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ஏனென்றால் பாய்லருக்குள் இருக்கிற ஆவியைப் பற்றி என் உடம்புக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் கிடையாது. விமானத்தில் அப்படி இல்லை. அங்கே உடம்பு பேசும். சாட்சி சொல்லும். தலையில் அடித்துச் சத்தியம் பண்ணும். அது சொல்வது அத்தனையும் பொய்யாக இருக்கும்.

புத்தகம் இதை அழகாகப் படம் போட்டு விளக்குகிறது. காதுக்குள் ஏதோ ஒரு நீர் இருக்கிறதாம், அதுதான் நாம் நேராக இருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று சொல்கிறதாம். விமானம் மெல்ல மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த நீருக்குத் தெரியாது. சாய்ந்து கொஞ்ச நேரம் போனால் சாய்ந்ததையே நேர் என்று ஏற்றுக்கொள்ளும். பிறகு யாராவது விமானத்தை உண்மையிலேயே நேராக்கினால், ஐயோ கவிழ்கிறோம் என்று அலறும். இரண்டு பத்தியில் எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்ட ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எடை போடுகிற இடத்துக்குப் போய் யாரையாவது திட்டிவிட்டு வந்தேன்.

பாயைப் பற்றிச் சொல்கிறேன். கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு பயிற்சிக் கிளப்பில் நாங்கள் ஒரே சமயத்தில் சேர்ந்தோம். அவருக்கு என்னைவிட மூன்று வயது கூட. காஞ்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர்கள் குடும்பத்துக்கு மோட்டார் பம்பும் பைப் சாமானும் விற்கிற கடை. கிளப்பில் பாதிப்பேர் சென்னைப் பிள்ளைகள், இங்கிலீஷில்தான் தும்முவார்கள். காஞ்சிபுரத்து ஆளும் உத்திரமேரூர் பெண்ணும் தானாக ஒரு மூலையில் ஒதுங்கினோம். என் அப்பாவுக்கு மில் இருந்தது, எனக்குப் பிடிவாதம் பிடிக்க வாய் இருந்தது, அப்படித்தான் நான் அங்கே வந்து சேர்ந்தேன். பாய் எப்படி வீட்டைச் சம்மதிக்க வைத்தார் என்று கேட்டால், "அத்த ஏன் கேக்கற, பெரிய பேஜாரு" என்பதோடு முடித்துக்கொள்வார். என்னை ரைஸ்மில்லு என்றுதான் கூப்பிடுவார். நான் பாய் என்பேன். நிதானமான ஆள். விமானத்தைக் கிளப்புவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனைகளை நாங்கள் எல்லாம் கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போவோம். அவர் மட்டும் ஒவ்வொன்றாகப் படித்து, தொட்டுப் பார்த்து, தலையாட்டி, அடுத்ததற்குப் போவார். கடையில் லிஸ்ட் பார்த்துச் சாமான் எடுத்து வைத்த பழக்கம் என்று கேலி செய்வோம்.

எங்கள் ஊர் திருப்புலிவனத்துக்குப் பக்கம். எங்கள் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வெளியேறினால் ஏரி கோடி போச்சு என்போம். கோடி போகிற அன்று ஊரே கரையில் நிற்கும். மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய், சூடம், வசதிப்பட்டவர்கள் ஆடு வெட்டுவார்கள். பெண்கள் தாம்பாளத்தோடு வருவார்கள். அந்த வருஷத்துக்கு முன்னால் பல வருஷம் எங்கள் ஏரி கோடி போகவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்த புதிது, மிதப்பில் இருந்தேன். ஊரில் எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்: "நைனா, ஏரி கோடி போற அன்னிக்கு நான் ஏரோப்ளேன்ல வந்து கரைமேல ஒரு சுத்து சுத்திட்டுப் போறேன், பாரு." ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கோயில் பூசாரி கூட என் தலை தெரிந்தால், "எப்போம்மா வர?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

என் மடத்தனம் தெரிகிறதா? ஏரி எப்போது கோடி போகும்? நாலு நாள் விடாமல் மழை ஊற்றினால் போகும். நான் பறந்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த நாள், வருஷத்திலேயே பறக்கக் கூடாத நாள். சேற்றில் பிறந்து சேற்றில் வளர்ந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு மழை என்றால் சந்தோஷம், சந்தோஷம் என்றால் திருவிழா, திருவிழாவென்றால் கிளம்பிப் போக வேண்டும். எங்கள் ஊரில் யாருக்கும் இது தப்பாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

அன்று காலை அப்பா போன் செய்தார். கோடி போய்விட்டது, மூன்று மணிக்குப் பூஜை. மழை விட்டிருந்தது. கடல் பக்கம் நீலம் கூடத் தெரிந்தது. கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர், மேகத்துக்குக் கீழேயே இருங்கள், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். இரண்டு இருக்கை விமானம், இடது பக்கம் நான், வலது பக்கம் மடியில் வரைபடத்தோடு பாய். அதில் வழிகாட்டும் திரை எதுவும் கிடையாது. திசைகாட்டி, கடிகாரம், வரைபடம், கண், அவ்வளவுதான்.

எனக்கு வரைபடம் தேவைப்பட்டதில்லை. எங்கள் பக்கம் ஏரிகளை வைத்து வழி சொல்வோம், பஸ்ஸில் போனாலும் சரி. மேலே போனபோதும் நான் அப்படித்தான் ஓட்டினேன். எந்த ஏரி எந்த வடிவம், எந்தக் கரையில் எத்தனை பனைமரம் என்று என் கைரேகை மாதிரித் தெரியும். ஆனால் அன்று கீழே பார்த்தால் எல்லாம் தண்ணீர். வயல் எது, ஏரி எது, தாங்கல் என்கிற சின்னக் குளம் எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து மின்னிக்கொண்டிருந்தது. மேலே மேகம் இறங்கிக்கொண்டே வர, நானும் இறங்கிக்கொண்டே போனேன். ஆயிரத்து ஐந்நூறு அடியில் இருந்தவள் ஆயிரத்து இருநூறுக்கு வந்துவிட்டேன். அப்போது இடது பக்கம், இன்னும் தாழ்வாகத் தொங்கிய மேகத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. அதில் ஒரு கரை, முழங்கை மாதிரி வளைந்து, வரிசையாகப் பனை, கரை நெடுக வண்ண வண்ணமாக ஜனங்கள்.

"தோ பாருங்க பாய், எங்க ஏரி!"

பாய் கடிகாரத்தைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். "இன்னும் ஏழெட்டு நிமிசம் கீதேமா. கணக்கு ஒத்து வர்லியே" என்றார்.

"எங்க ஊரு ஏரி எனக்குத் தெரியாதா பாய்?"

இதைச் சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சொல்லிக்கொண்டே இடது பக்கம் சாய்த்துத் திருப்பினேன். ஓட்டை மூடிக்கொண்டது. வெள்ளை வந்துவிட்டது.

முதலில் பயம் வரவில்லை. இதோ வெளியே வந்துவிடுவோம் என்று நினைத்தேன். விமானத்தை நேராக்கிவிட்டதாகவும் நினைத்தேன். உடம்பு சொன்னது, நேராக, ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருக்கிறோம் என்று. எஞ்சின் சத்தம் மட்டும் மெல்லக் கூடிக்கொண்டே போனது. மூக்கு இறங்குகிறது போல என்று கைப்பிடியை என் பக்கம் இழுத்தேன். இருக்கையில் உடம்பு கனத்தது. இன்னும் இழுத்தேன். சத்தம் குறையவில்லை, கூடியது.

"லெஃப்ட்ல சாஞ்சிக்கினு கீது. முப்பது டிகிரி" என்றது பாயின் குரல்.

"இல்ல பாய், நேராத்தான் போறோம்."

"முப்பத்தஞ்சி. ஒயரம் எண்ணூறு."

நான் டயலைப் பார்த்தேன். செயற்கை அடிவானம் காட்டுகிற டயலில் பூமி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. உயரம் காட்டுகிற முள் சுற்றிக்கொண்டே இறங்கியது. என் உடம்போ நேராக உட்கார்ந்திருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வந்த எண்ணம் இதுதான்: இந்த டயல் ரிப்பேர். அதை வாய்விட்டும் சொன்னேன். இரண்டு டயல் ஒரே நேரத்தில் எப்படி ரிப்பேராகும் என்று யோசிக்கிற புத்தி அப்போது என்னிடம் இல்லை.

"எழுநூறு. ரைட்ல குடுமா. இழுக்காத, ரைட்ல குடு."

கொடுத்தேன். டயலை நம்பிக் கொடுக்கவில்லை, அந்தக் குரலுக்காகக் கொடுத்தேன். கொடுத்த உடனே விமானம் வலது பக்கம் தலைகீழாகக் கவிழ்வது போல இருந்தது. நான் கத்தினேன். கையை எடுத்துவிடப் பார்த்தேன். "இன்னும் குடு. அறுநூறு. இருவது. பத்து. நேரா வந்துச்சி. இப்ப மெல்ல இழு. ஐந்நூத்தி அம்பது. ஐந்நூறு. நானூத்தி எம்பது. நிக்குது." கடையில் வந்தவருக்குப் பைப் அளவு சொல்கிற அதே குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை.

மேகத்தின் அடிவயிற்றிலிருந்து வெளியே விழுந்தோம். கீழே ஏரிக்கரை, பனை, ஜனங்கள். பெண்கள் தாம்பாளத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினார்கள். பனை ஓலை தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குக் கீழே இருந்தோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டி வணக்கம் வைத்தேன். வாக்குக் கொடுத்தபடி வந்துவிட்டேனாம். பிறகு பாய் சொன்ன திசையில், கடலைப் பார்த்து, தாழ்வாகவே ஓட்டிக்கொண்டு திரும்பினேன்.

கிளப் வாசலில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "கோடிகிட்ட நின்னுக்கினு மானத்தையே பாத்துக்கினு இருந்தோம்மா. ஜனமெல்லாம் ஒரே கேலி, எங்க ஒம் பொண்ணுன்னு. நான் சொன்னேன், வராதது நல்லதாப் போச்சு, இந்த மானத்துல எவனாவது ஏறுவானான்னு. புத்திசாலிமா நீ. சாப்டியா?"

எனக்கு அந்த இடத்தில்தான் பயம் வந்தது. கை ஆட்டிய ஜனங்கள் எங்கள் ஜனங்கள் இல்லை. அது எங்கள் ஏரியே இல்லை. அந்தப் பக்கத்தில் எந்த ஏரி கோடி போகவில்லை அன்று, எந்தக் கரையில் பனை இல்லை? மேகத்துக்குள் போவதற்கு முன்னால், கண் நன்றாகத் தெரிந்தபோதே, என் சொந்த ஊரையே தப்பாகப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு கண் தெரியாதபோது உடம்பை நம்பியிருக்கிறேன். இரண்டிலும் எனக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. "ஆமா நைனா, நான் ஏறல" என்று சொன்னேன். பாய் வரைபடத்தை விரித்து ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்க" என்றார். எங்கள் ஊருக்கு வெகு கிழக்கே, பெயர் தெரியாத ஏதோ ஓர் ஏரி. "டீ குடிக்கலாம் வா" என்றார். அப்பா போய் ஆறு வருஷமாகிறது. கடைசி வரை என்னைப் புத்திசாலி என்றே நினைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நாலு தடவையோ ஐந்து தடவையோ பறந்தேன். பிறகு கல்யாணம் வந்தது, மகள் பிறந்தாள், மில் என் தலையில் விழுந்தது. ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டவர்களுக்கு இந்த மூன்றையும் சொல்லியிருக்கிறேன், மூன்றும் நடந்தவைதான். பாயும் நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன், அவர் வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் கடை அவர் கைக்கு வந்துவிட்டதாம். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரம் கூட ஆகாது. மாதம் இரண்டு தடவை போகிறேன், மில்லுக்கு ஓயாமல் பைப் வேண்டும், வால்வு வேண்டும். பத்தொன்பது வருஷமும் அந்தக் கடைக்கு மட்டும் போகவில்லை. செங்கல்பட்டில் வாங்கினேன். அவர் முகத்தைப் பார்த்தால் என் அலறலை நானே கேட்க வேண்டியிருக்கும் என்று பயம்.

இத்தனை வருஷத்தில் எனக்குள் ஒரு முடிவு கெட்டிப்பட்டுவிட்டது. மனிதர்களில் இரண்டு ஜாதி. பாய் மாதிரி ஆட்களுக்கு வெள்ளைக்குள்ளும் நெஞ்சு பதறாது, டயல் சொல்வதை நம்புகிற வரம் அவர்களுக்கு இருக்கிறது. என் மாதிரி ஆட்களுக்கு அது இல்லை. பிறவியிலேயே இல்லாததை நாற்பத்தைந்து வயதில் எந்தப் புத்தகம் தரும்? மகள் மில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு விமானப் பயிற்சி ப்ரோகிராம் போட்டுக் கொடுத்தாள். அதில் மேகத்துக்குள் பிரமாதமாக ஓட்டுகிறேன். ஓட்டாமல் என்ன? நாற்காலி தரையில் இருக்கிறது, காதுக்குள் இருக்கிற நீர் தூங்குகிறது, பொய் சொல்ல ஆள் இல்லை. திங்கட்கிழமை முகத்தில் மறைப்பை மாட்டி, வெளியே பார்க்க விடாமல், மேலே கொண்டு போவார்கள். அங்கே அந்தப் பொய்ச்சாட்சி காத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் பாய் இருக்கமாட்டார். ரேட்டிங் வாங்கி, தைரியமாக மேகத்துக்குள் போய், அங்கே டயல் ரிப்பேர் என்று நான் முடிவு செய்தால்? என் மகள் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொள்வாள், எந்த ஊர் ஏரியில் என்று. இரண்டு ராத்திரி இதே நினைப்பில் சாப்பாடு இறங்கவில்லை. கேப்டனிடம் முடியாது என்று சொல்லிவிடுவதற்கு வார்த்தைகள் கூடத் தயார் செய்துவிட்டேன். மில்லில் சீசன், வேலை அதிகம். நல்ல பொய், யாரும் குறை சொல்ல முடியாது.

சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவரிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. நம்புகிறவர் எப்படி நம்பினார் என்று. சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் போனேன். கார் இருந்தது, அன்றைக்கு என்னை நம்பி அதை எடுக்கத் தோன்றவில்லை.

பாய்க்குத் தாடி வெளுத்திருந்தது, தொப்பை போட்டிருந்தது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வாமா ரைஸ்மில்லு. பத்தொம்போது வருசமா செங்கல்பட்டுல பைப் வாங்கிக்கினு இருந்தா நமக்குச் சேதி வராதா? அந்தக் கடைக்காரன் நம்ம ஆளுதான். இன்னா வேணும், ஒண்ணரை இஞ்சா, ரெண்டு இஞ்சா?"

சிரிக்க முயன்றேன், அழுகை வந்துவிட்டது. கடையில் நின்ற விவசாயி ஒருவர் வால்வைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பாய் அவரை அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொன்னார். எல்லாவற்றையும் கொட்டினேன். மறுபடி லைசென்ஸ் வாங்கியது, ரேட்டிங், திங்கட்கிழமை, புத்தகத்தில் தாண்ட முடியாத பக்கம், எல்லாம். கடைசியில் கேட்டேன்: "உங்களால மட்டும் எப்படி பாய் முடிஞ்சது? எப்படி அந்த டயல நம்புனீங்க?"

"நானா?" என்றார். "நான் எங்கமா நம்புனேன்?"

எனக்குப் புரியவில்லை.

"எனக்கும் நேராப் போற மாதிரிதான் இருந்திச்சி. ஒனக்கு ஒரு ஒடம்பு, எனக்கு வேற ஒடம்பா? டயலு கெட்டுப்போச்சின்னுதான் நானும் நெனச்சேன். நீ வாய்ல சொல்லிட்ட, நான் சொல்லல. ரைட்ல குடுன்னு சொல்லிக்கினே, அய்யோ இந்தப் பொண்ண நாமளே கவுக்கறமேன்னு ஒதறிக்கினு இருந்தேன். காலெல்லாம் ஈரம், ஒங்கிட்ட சொல்றதுக்கு இன்னா. அவ்ளோதான் நம்ம கதைன்னு தெரிஞ்சிபோச்சி. கடைசியா கலிமா சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேம்மா. கலிமா வர்ல. எதுக்க இன்னா எழுதியிருந்துச்சோ அந்த நம்பருதான் வந்திச்சி. சின்ன வயசுலேர்ந்து கடையில லிஸ்டு படிச்ச வாயி. அது பாட்டுக்குப் படிச்சிக்கினே இருந்திச்சி."

டீ வந்தது. நான் எடுக்கவில்லை. "அப்புறம் ஏன் நிறுத்தினீங்க? வாப்பாவுக்கு முடியலன்னுதானே?"

"அதுவும்தான்" என்றார். "ஊருக்குச் சொல்றதுக்கு அது சரியா இருந்திச்சி. அதுக்கப்பறம் எங்க வூட்டு மொட்ட மாடியிலயே நான் கைப்புடிச் சொவத்துக்கிட்ட போறதில்லமா."

இருவரும் சிரித்துவிட்டோம். பத்தொன்பது வருஷமாக நான் ஒரு மனிதரை மலையாக நினைத்து அவர் கடைப்பக்கம் போகாமல் இருந்திருக்கிறேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் போலவே செத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் கொஞ்சம் கோபம் கூட வந்தது. அவருக்கு ஒரு வரம் இருந்தது, எனக்கு இல்லை என்பதுதான் என் கையில் இருந்த ஒரே சாக்கு. அதைப் பிடுங்கிக்கொண்டார். பயம் அப்படியே இருந்தது, சொல்லப்போனால் கூடியிருந்தது. அவர் நம்பவில்லை, பயம் போகவில்லை, உடம்பு பொய் சொல்வதையும் நிறுத்தவில்லை. ஆனாலும் இரண்டு பேர் உயிரோடு இறங்கினோம்.

கிளம்பும்போது ரெண்டு இஞ்ச் வால்வு நாலு வாங்கிக்கொண்டேன், செங்கல்பட்டுக்கு இனி போவதில்லை என்று சொன்னேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்ட் சுவரோரம் நின்று கேப்டனுக்குப் போன் போட்டேன். மில்லில் சீசன் என்று தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் நுனிநாக்கில்தான் இருந்தன.

"என்ன மேடம் முடிவு பண்ணீங்க? வாய்ஸ் சரியா கேக்கல, நடுங்குற மாதிரி இருக்கு. பஸ்ல இருக்கீங்களா?"

"பஸ்ல இல்லம்மா. அது நான்தான். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. திங்கக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?"